சீன அரசவையின் வண்ண எனாமல் கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ண எனாமல் என்றால் சரியாக என்ன?

பழைய எனாமல் குவளையோ பேசினோ பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பளபளப்பு, விளிம்பில் நீலக் கோடு. கீழே விழுந்தால் சில்லு பெயர்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு கருப்பாகத் தெரியும். அந்த வெள்ளைப் பூச்சு கண்ணாடி. கண்ணாடியைத் தூளாக்கி உலோகத்தின் மேல் பரப்பி, சூட்டில் உருக்கினால் அது உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

சீன அரசவைக் கலங்களும் அடிப்படையில் அதே சங்கதிதான். இரும்புக்குப் பதில் செம்பு, சில நேரம் பொன். வெள்ளைப் பூச்சு போட்டுச் சுட்ட பிறகு, நிறக் கண்ணாடித் தூளையே வண்ணமாகக் குழைத்துத் தூரிகையால் பூ, பறவை, மலை, மனிதர் என்று வரைந்து மறுபடி சுட்டார்கள். சீனத்தில் இதற்கு ‘ஹுவா ஃபாலாங்’ என்று பெயர். ‘ஹுவா’ வரைதலைக் குறிக்கும், ‘ஃபாலாங்’ எனாமலை.

இந்தப் பக்கத்தில் வருவது பெரும்பாலும் சிங் வம்சத்தின் மூன்று பேரரசர்கள் காலத்துக் கதை: காங்சி (1662–1722), அவர் மகன் யோங்செங் (1723–1735), பேரன் சியான்லோங் (1736–1795).

நீலமாக, கம்பி வைத்துச் செய்த சீன ஜாடிகள் இருக்கின்றனவே, அவையும் இவையும் ஒன்றா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். கம்பி எனாமலில் மெல்லிய உலோகக் கம்பியை வளைத்து உடலில் ஒட்டிச் சின்னச் சின்ன அறைகள் கட்டுவார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம் நிரப்பிச் சுட்டு, பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கம்பி வேலியாக நிற்கும். அது யுவான் வம்சக் காலத்திலேயே சீனாவுக்கு வந்துவிட்டது. மிங் வம்சத்து ஜிங்டாய் ஆட்சியின் (1450–1457) பெயரால் அதை இன்றும் ‘ஜிங்டாய்லான்’ என்றே அழைக்கிறார்கள்.

வண்ண எனாமலில் வேலி கிடையாது. ஒரு தாமரை இதழின் நுனியில் அடர்ந்த சிவப்பு, அடிக்கு வரவர வெளிறி வெள்ளை என்று நிறத்தை இழைக்கலாம். முகத்தில் நிழல் விழவைக்கலாம். காங்சியை இது ஏன் அப்படி இழுத்தது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

எப்படிச் செய்வார்கள்?

முதலில் செம்புத் தகட்டை அடித்துக் கலத்தின் வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மெல்லிய தகடு. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் கண்ணாடி பிடிக்காது. பிறகு ஒளி ஊடுருவாத வெள்ளை எனாமலைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். செம்பு உருகுவது 1085 டிகிரியில். கண்ணாடி உருகவும் வேண்டும், செம்பு தளர்ந்துவிடவும் கூடாது. வேலைக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். கண்ணாடியில் ஈயம் நிறையச் சேர்த்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகும் என்பதால் ஈயக் கண்ணாடியையே பயன்படுத்தினார்கள்.

இந்த வெள்ளைத் தளம்தான் ஓவியனுக்குத் தாள். அதன் மேல், நுணுக்கி அரைத்த நிறத்தூளை எண்ணெயில் குழைத்து வரைவார்கள். வரையும்போது பார்க்கும் நிறமும் உலையிலிருந்து வெளியே வரும் நிறமும் ஒன்றாக இருக்காது. பொன்னிலிருந்து வரும் இளஞ்சிவப்பு, சூடு பட்ட பிறகுதான் முழு நிறத்துக்கு வரும். ஓவியன் கண்ணால் பார்ப்பதை நம்பி வரைய முடியாது. நினைவை நம்பித்தான் வரைய வேண்டும்.

ஒரே சூட்டில் முடிகிற வேலையும் அல்ல. எல்லா நிறமும் ஒரே சூட்டைத் தாங்காது. அதனால் அதிகச் சூடு வேண்டிய நிறத்தை முதலில் சுட்டு, பொறுக்காத நிறங்களைப் பின்னால் வைப்பார்கள். திரும்பத் திரும்ப உலைக்குள் போகும். கடைசிச் சூட்டில் ஒரு கொப்புளம் கிளம்பினாலும் அதுவரை போட்ட உழைப்பு முழுக்கப் போயிற்று. எல்லாம் தேறி வந்த கலத்துக்கு, எனாமல் படாத விளிம்பிலும் அடி வளையத்திலும் பொன்முலாம் பூசி முடிப்பார்கள்.

கலத்தின் உள்பக்கத்திலும் அடியிலும்கூட எனாமல் பூசியிருக்கிறார்களே, எதற்கு?

செம்பு சூட்டில் கண்ணாடியைவிட அதிகம் விரியும். ஆறும்போது அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால், இந்த இழுபறியில் தகடு கோணிக்கொள்ளும், பூச்சு வெடித்துத் தெறிக்கும். இரண்டு பக்கமும் பூசினால் இழுப்பு சமமாகிவிடும். ஆக, உள்ளே தெரியும் அந்த வெள்ளை அல்லது வெளிர் நீலப் பூச்சு அழகுக்கு மட்டும் வந்ததல்ல. அது இல்லாமல் கலமே நிற்காது.

இந்தக் கலை சீனாவிலேயே தோன்றியதா?

கருவிதை ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சின் லிமோஜ் நகரம் செம்பின் மேல் எனாமல் ஓவியம் வரைவதில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெனீவாக்காரர்களும் கைக்கடக்கமான கடிகாரங்களின் மூடியில் இன்னும் நுண்ணிய எனாமல் ஓவியங்கள் செய்தார்கள். பதினான்காம் லூயி அனுப்பிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரிகள் 1687இல் சீனக் கரையில் இறங்கினார்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் அரசவைக்குக் கொடுத்த அன்பளிப்புகளில் இப்படிப்பட்ட எனாமல் பொருட்களும் இருந்தன.

காங்சி அவற்றைப் பார்த்தார். வாங்கிச் சேர்ப்பதோடு அவருக்கு மனம் நிறையவில்லை. இதை என் அரண்மனையிலேயே செய்ய வேண்டும் என்று நினைத்தார். எனக்கு இந்தக் கலையின் மேல் பிரியம் வந்ததற்கே அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

சரி, அரண்மனையில் அதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

தட்டுத் தடுமாறித்தான். அரண்மனைக்குள் ‘சாவ்பான்சூ’ என்ற பெயரில் பட்டறைகள் இயங்கின. 1693இல் அவற்றைத் தனித்தனித் தொழிலாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது எனாமலுக்கும் ஒரு பட்டறை அமைந்தது. 1696இல் ஜெர்மானியப் பாதிரியார் கிலியன் ஸ்டும்ப் மேற்பார்வையில் கண்ணாடிப் பட்டறை வந்தது. எனாமலே கண்ணாடிதான் என்பதால் இது பெரிய துணை. ஆனாலும் அந்தத் தொடக்க காலக் கலங்களில் நிறம் மங்கலாக, மேற்பரப்பு சீரில்லாமல், ஆங்காங்கே புள்ளி விழுந்து கிடக்கும். கம்பி எனாமலில் கைதேர்ந்தவர்களுக்குக்கூட இது புதுப் பாடம்.

தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று காங்சி தேடிக்கொண்டே இருந்தார். இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிப்பா 1716இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பேரரசருக்கு ஐரோப்பிய எனாமல் மேல் தீராத மோகம் என்றும், தன்னையும் ஓவியர் ஜுசெப்பே காஸ்திலியோனேயையும் எனாமலில் வரையச் சொன்னார் என்றும் அதில் சொல்கிறார். தாங்கள் அதைக் கற்றதே இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. காலை முதல் மாலை வரை பட்டறைக் கூட்டத்தில் அடைபட்டுக் கிடக்க இருவருக்கும் விருப்பமில்லை. கற்றுக்கொள்ளவே கூடாது என்று முடிவு செய்து, வேண்டுமென்றே மோசமாக வரைந்தார்கள். அதைப் பார்த்த பேரரசர் ‘போதும்’ என்றார், விடுதலை கிடைத்தது.

வழி திறந்தது தெற்கே. அதே 1716இல் குவாங்டோங் ஆளுநர் யாங் லின், எனாமல் சுடத் தெரிந்த பான் சுன் என்ற உள்ளூர்க் கைவினைஞரைச் சீடர்கள் இருவரோடு பெய்ஜிங்குக்கு அனுப்பினார். யாங் ஷிசாங் என்ற இன்னொருவரையும் பரிசோதித்து, பான் சுன் அளவுக்கு இல்லை, ஆனாலும் அவருக்குக் கைகொடுக்க முடியும் என்று எழுதி அனுப்பிவைத்தார். வீட்டுச் செலவுக்கும் வழிச் செலவுக்கும் பணம் தந்ததையும் குறிப்பிட்டிருக்கிறார். இளஞ்சிவப்பு நிறத்துக்காக பான் சுன் தயாரித்த, பொன்னும் செம்பும் கலந்த பொருளும், மேலைநாட்டு எனாமல் கட்டிகளும் கூடவே போயின. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் திறமையும் அவர் கொண்டுபோன பொருளும் இவ்வளவு துல்லியமாக ஏட்டில் பதிவாகியிருப்பது அபூர்வம்.

அப்புறம் 1719இல் கேண்டன் (குவாங்சோ) துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பலில் வந்து இறங்கினார் ழான் பத்தீஸ்த் கிரவெரோ. இவர் எனாமலையே தொழிலாகக் கொண்டவர். சீன ஆவணங்கள் இவரை சென் சொங்ஷின் என்று குறிக்கின்றன, வயது 28. உடல்நிலை சரியில்லாமல் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டார். காங்சியின் கடைசி ஆண்டுகளில் கலங்கள் தெளிந்துவிட்டன. மஞ்சள் தளத்தில் செம்பருத்தியும் தாமரையும் பியோனியும் பளிச்சென்று விரிந்தன.

இந்தக் கதையை ‘ஐரோப்பியர் சொல்லிக்கொடுத்தார்கள், சீனர் கற்றார்கள்’ என்று ஒற்றை வரியில் சொல்வதை நான் ஏற்பதில்லை. வரைய வந்த ஐரோப்பியர் இருவர் ஒதுங்கிக்கொண்டார்கள். சுடத் தெரிந்து வந்து உழைத்தவர்களில் குவாங்சோக்காரர்களும் இருந்தார்கள், அதுவும் கிரவெரோ வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே.

இளஞ்சிவப்பில் உண்மையிலேயே பொன் இருக்கிறதா?

இருக்கிறது. பொன்னை அமிலக் கலவையில் கரைத்து, வெள்ளீயக் கரைசலால் நுண்துகளாகப் படியவைத்தால் ஊதாச் சிவப்பான பொருள் கிடைக்கும். ஐரோப்பாவில் இதைக் காசியஸ் ஊதா என்பார்கள். கண்ணாடியில் மிகச் சிறிதளவு சேர்த்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத பொன் துகள்கள் ஒளியைச் சிதறவும் உறிஞ்சவும் செய்து ரோஜா நிறம் காட்டும். அதோடு ஒளிபுகா வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பின் எல்லாப் படிகளும் கைக்கு வந்துவிடும். அதுவரை சீன ஓவியனின் வண்ணப் பெட்டியில் இல்லாத நிறம் இது.

பீங்கானிலும் இதே நிறங்களைப் பார்க்கிறேனே?

ஆமாம், உறவு மிக நெருக்கம். பீங்கானுக்குப் பெயர் போன ஜிங்டெசென் நகரத்துச் சூளைகளிலிருந்து வெறும் பீங்கான் கலங்களை வரவழைத்து, அரண்மனையில் அதே எனாமல்களால் வரைந்து சுட்டார்கள். இதை ‘ஃபாலாங்சாய்’ என்கிறார்கள். காங்சி காலத்துக் கிண்ணங்கள் பலவற்றில் உள்ளே மட்டும் மெருகு, அதாவது பீங்கானின் பளபளப்பான கண்ணாடிப் பூச்சு, இருக்கும், வெளிப்பக்கம் மெருகில்லாமல் விட்டு அதன் மேல் எனாமல் வைத்திருப்பார்கள். யீசிங் என்ற ஊரின் களிமண் தேநீர்க் கெண்டிகளில்கூட வரைந்து பார்த்தார்கள். பிறகு ஜிங்டெசென் சூளைகளே இந்த நிறங்களைக் கையாளத் தொடங்கின. அங்கே மேற்பார்வை பார்த்த தாங் யிங் 1735இல் எழுதிய பட்டியலில், மேலைநாட்டு எனாமல் ஓவிய முறையைப் பின்பற்றிய ‘யாங்சாய்’ கலங்கள் இடம்பெறுகின்றன. ரோஜா நிறச் சீனப் பீங்கான் என்று உலகமே பின்னர் வாங்கிக் குவித்ததற்கு வேர் இந்தச் செம்புக் கலங்களின் பக்கத்திலேயே இருக்கிறது.

யோங்செங் காலத்தில் என்ன மாறியது?

இரண்டு விஷயம், இரண்டுமே பெரியவை.

ஒன்று, நிறம். தம்பி இளவரசர் யீயின் பொறுப்பில் பட்டறைகள் இருந்தன. 1728ஆம் ஆண்டுப் பட்டறைக் குறிப்பு நிறங்களை எண்ணி எழுதுகிறது: மேலைநாட்டிலிருந்து வந்தவை 9, அரண்மனையில் புதிதாக உருக்கியவை 9, அவற்றுக்கு மேல் புதிதாகச் சேர்த்தவை இன்னும் 9. பெயர்களைக் கேட்டாலே கண் முன் வருகிறது: நிலாவெள்ளை, தாமரைக்கிழங்கு ஊதா, அடர் திராட்சை, வெண்கலப் பச்சை, சோயாச் சாற்று நிறம். இனிக் கப்பல் எப்போது வரும் என்று நிறத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, ரசனை. 1727இல் யோங்செங் ஓர் ஆணை இட்டார். முன்பு செய்தவற்றில் நல்லது கொஞ்சம்தான் என்றாலும் அவை அரண்மனைப் பாணியில் இருந்தன, இப்போது செய்பவை நுட்பமாக இருந்தாலும் வெளியில் செய்த வாடை அடிக்கிறது, அரண்மனைப் பாணியை விட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். கைத்திறன் இருந்தும் போதாது என்று ஒரு பேரரசர் பட்டறைக்குச் சொல்கிறார்! அந்தக் கண்டிப்பு கலங்களில் தெரியும். கருப்புத் தளத்தில் சில பூக்கள், அதிகமாக எதுவும் இல்லை. மூன்று ஆட்சிகளில் எதைத் தேர்வாய் என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன்.

சியான்லோங் காலத்தை ஏன் உச்சம் என்கிறார்கள்?

அளவாலும் துணிச்சலாலும். செம்போடு பொன் உடலிலும் செய்தார்கள். ஒரே கலத்தில் கம்பி எனாமலும் வண்ண எனாமலும் சேர்ந்து வந்தன. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் தூரத்துக் கோபுரங்களும் சின்னச் சட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்தன. முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்த நிழலைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் கண் இளைப்பாற ஓர் இடமும் விடாத அடர்த்தி சிலவற்றில் இருக்கிறது. திறமையை மெச்சுகிறேன், பக்கத்தில் ஒரு யோங்செங் கலம் இருந்தால் என் கண் அங்கே போய்விடும்.

குவாங்சோவில் செய்ததும் அரண்மனையில் செய்ததும் வேறா?

வேறு, ஆனால் இடையில் மதில் இல்லை. குவாங்சோ, அதாவது கேண்டன், கப்பல்கள் வரும் துறைமுகம். 1757க்குப் பிறகு மேலை வணிகக் கப்பல்களுக்குத் திறந்திருந்த ஒரே துறைமுகமும் அதுதான். அங்கே ஏற்றுமதிக்கென்று தட்டுகளும் கெண்டிகளும் பெருவாரியாகச் செய்தார்கள். சீனர்கள் அதை ‘யாங் சி’, அயல்நாட்டுப் பீங்கான், என்றே அழைத்தார்கள், உள்ளே செம்பாக இருந்தும்.

அங்கிருந்து ஓவியர்கள் தொடர்ந்து பெய்ஜிங் அரண்மனைக்குப் போனார்கள். சியான்லோங் காலத்தில் குவாங்டோங் சுங்க அலுவலகம் வழியாக அரண்மனைக்கென்றே கலங்கள் செய்து அனுப்பவும் பட்டன. ஆக, ‘அரசவைக்குச் செய்தது’ என்பதும் ‘அரண்மனைக்குள் செய்தது’ என்பதும் எப்போதும் ஒன்றல்ல.

எப்படிப்பட்ட பொருட்களைச் செய்தார்கள்?

பெரும்பாலும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவு: சிமிழ், தேநீர்க் கிண்ணம், தட்டு, சிறு குடுவை, தூபக்கால், எச்சில் படிக்கம். எல்லாவற்றுக்கும் மேலே மூக்குப்பொடிக் குப்பி. 1684இல் காங்சி நாஞ்சிங் வந்தபோது பாதிரிகள் பலவற்றை அன்பளிப்பாக நீட்ட, அவர் மூக்குப்பொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். மூக்குப்பொடி அரசவைப் பழக்கமானதும் அதற்கேற்ற குப்பி தேவைப்பட்டது, எனாமல் ஓவியனுக்கு அது நல்ல களமாயிற்று.

பேரரசர்கள் இவற்றை அன்பளிப்பாகவும் கொடுத்தார்கள். 1716இல் குவாங்சி ஆளுநர் சென் யுவான்லோங் எனாமல் வேலைப்பாடுள்ள குப்பியும் சிமிழும் பெற்று, நன்றிக் கடிதம் எழுதினார். அன்று அப்படி ஒன்று கையில் வருவது பதவி உயர்வுக்குச் சமமான கௌரவம்.

அடியில் இருக்கும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

பெரும்பாலும் நான்கு எழுத்துகள். காங்சி கலங்களில் ‘காங்சி யுசி’, அதாவது காங்சிப் பேரரசர் ஆணைப்படி செய்தது. மற்ற இருவர் காலத்தில் ‘யோங்செங் நியென்சி’, ‘சியான்லோங் நியென்சி’, அந்தந்த ஆட்சியில் செய்தது என்று பொருள். முத்திரையை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். பின்னால் வந்தவர்கள் அதே எழுத்துகளைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

செய்தவர்களின் பெயர் கலத்தில் உண்டா?

கலத்தில் ஆட்சியின் பெயர்தான் இருக்கும். தொழிலாளிகளின் பெயர்கள் பட்டறைக் கணக்கேடுகளிலும் ஆளுநர்களின் கடிதங்களிலும் கிடக்கின்றன. பான் சுன் நமக்குத் தெரியவந்ததும் அப்படித்தான். அருங்காட்சியகச் சீட்டுகளில் பேரரசர் பெயருக்குக் கீழே இந்தப் பெயர்களையும் ஒரு வரி எழுதினால் என்ன என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

இன்று எங்கே பார்க்கலாம்?

மிகச் சிறந்தவை தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஒரே தொகுப்பு இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் போர். 1933இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பொருட்களைத் தெற்கே அனுப்பினார்கள். அவற்றில் ஒரு பகுதி 1948–49இல் உள்நாட்டுப் போரின் முடிவில் தைவானுக்குப் போனது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் சில உண்டு. இணையத்தில் பார்ப்பதானால் படத்தைப் பெரிதாக்கி இதழ்களின் விளிம்பைப் பாருங்கள். தூரிகை முனை எங்கே தூக்கப்பட்டது என்பதுகூடத் தெரியும்.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

அது அரசவைக் கலமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் கேண்டன் எனாமல் ஏராளமாகச் செய்யப்பட்டது. ஆனாலும் அதுவும் கையால் வரைந்ததே, மரியாதையோடு வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். திடீர்ச் சூடு கண்ணாடியை விரிசல் விடவைக்கும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. அமிலம் ஈயக் கண்ணாடியை அரிக்கும், பொன்முலாமையும் கெடுக்கும். அதே காரணத்தால் அதில் சாப்பாடு வைக்காதீர்கள், ஈயம் உணவில் இறங்கும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். சில்லு பெயர்ந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தால் சுரண்டாதீர்கள், பழம்பொருள் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.